பழைய மருந்து, சின்ன அளவு: லூபஸ் நோயாளிகளுக்காக ஒரு பொதுப் பரிசோதனை கேட்டு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கு, இன்டர்லியூகின்-2 என்ற புரதத்தைக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டால் பயன்படுமா, படாதா என்பதை இந்தியாவில், அரசுப் பணத்தில், பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஒரு முறையான பரிசோதனையின் மூலம் நீங்கள் கண்டறிந்து சொல்ல வேண்டும். பயன்படும் என்று பதில் வந்தாலும் சரி, பயன்படாது என்று வந்தாலும் சரி. அந்தப் பதிலைத் தேடிப் போக எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபக் காரணம் கிடையாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

நான் லூபஸ் நோயாளி. வேலை, ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்த மாதிரிகளை ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி எதிர்ப்புச் செல்களை எண்ணுவது. மாத்திரை விழுங்குபவளாகவும் செல்களை எண்ணுபவளாகவும் இருப்பதால், இந்த விஷயத்தில் ஆய்விதழ்களில் எழுதப்படுவதற்கும் வெளிநோயாளர் பிரிவில் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தினமும் தெரிகிறது.

அந்த வெளிநோயாளர் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாதநோய்ப் பிரிவில் காலையில் போய் உட்கார்ந்தால், வரிசையில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கல்யாணம் தள்ளிப்போனவர்கள். யாருக்கு நோய் புதிது, யாருக்குப் பழையது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஸ்டீராய்டு கன்னங்களை அப்படி உப்ப வைத்துவிடும். புதிதாக வந்த பெண்ணிடம் பக்கத்தில் இருக்கும் அக்கா, "வெறும் வயித்துல போடாதம்மா, வெயில்ல நிக்காத, சிறுநீர்ல நுரை வந்தா உடனே காட்டு" என்று சொல்லிக் கொடுப்பார். அவரே இடுப்பு எலும்பு செத்துப்போய்த் தாங்கித் தாங்கி நடப்பவராக இருப்பார். அது நோயால் மட்டும் வந்ததல்ல, மருந்தாலும் வந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு, சினைப்பையைப் பாதிக்கக்கூடிய சைக்ளோஃபாஸ்ஃபமைட் மருந்தை ஏற்றும்போது, "இதுக்கப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்?" என்ற கேள்வி வராத நாள் இல்லை.

இந்த மருந்துகள் எங்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இவை செய்வது ஒன்றே ஒன்று: எதிர்ப்பு சக்தியை மொத்தமாக அமுக்குவது. எங்களைத் தாக்கும் செல்களோடு சேர்த்து, காசநோய்க் கிருமியையும் நிமோனியாவையும் எதிர்த்து நிற்க வேண்டிய செல்களும் அடங்கிப் போகின்றன. இந்தியாவில் லூபஸ் நோயாளிகள் இறப்பதற்கு நோயின் தீவிரத்துக்கு இணையாகத் தொற்றுகளும் காரணம் என்பதை உங்கள் மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மொத்தமாக அமுக்காமல், உடம்பே தன்னை அடக்கிக்கொள்ள வைத்திருக்கும் செல்களைப் பலப்படுத்த முடியுமா? 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மருத்துவ நோபல் பரிசு இந்தக் கேள்விக்கு அடித்தளம் போட்டவர்களுக்குத்தான் போனது. மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. அந்த வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். எனக்கு வந்த சந்தோஷத்துக்குத் தனிக் காரணம் இருந்தது.

டி செல் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. உடலில் உருவாகும் டி செல்களில் சில, நம் சொந்தத் திசுவையே எதிரியாக நினைப்பவை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றை வளரும்போதே கழித்துவிடுகிறது. ஆனாலும் சில தப்பித்து ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. ஆரோக்கியமானவர்கள் உடம்பிலும் அவை இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்கவே ஒரு தனி வகை டி செல் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல் என்று எழுதலாம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் டி-ரெக் என்றுதான் சொல்வோம். சிடி4 என்ற அடையாளம் கொண்ட டி செல்களில் இவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் இருக்கும். திரையில் பார்த்தால், பெரிய புள்ளிக் கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கூட்டம். செல்லின் மேலிருக்கும் அடையாளப் புரதங்களில் சிடி25 அதிகம், சிடி127 குறைவு, செல்லைத் துளைத்துச் சாயமேற்றினால் உள்ளே ஃபாக்ஸ்பி3 என்ற புரதம். இந்த மூன்றையும் பார்த்தால்தான் அது டி-ரெக் என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம்.

இந்தச் செல்கள் உண்டா இல்லையா என்பதிலேயே உலகம் பல வருடங்கள் சண்டை போட்டிருக்கிறது. 1969இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும், பிறந்து மூன்று நாளான பெண் எலிகளின் தைமஸை எடுத்துவிட்டால் அவற்றின் சினைப்பைகள் அழிந்துபோவதைக் கண்டார்கள். எதிர்ப்பு சக்தி குறைய வேண்டிய இடத்தில், அது சொந்த உடம்பைத் தாக்கியது. 1970களில் 'அடக்கும் டி செல்' என்ற கருத்து பரபரப்பாக ஓடி, 1980களில் அதற்கான மூலக்கூறு ஆதாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் நிலை வந்தது. சகாகுச்சி அந்தக் காலத்திலும் விடவில்லை. 1995இல், சிடி25 என்ற அடையாளத்தைச் சுமக்கும் ஒரு சின்னக் கூட்டத்தை நீக்கிவிட்டால் எலிகளுக்குப் பல உறுப்புகளில் தன்னுடல் தாக்கு நோய் வருகிறது, திரும்பக் கொடுத்தால் தடுக்கப்படுகிறது என்று காட்டினார்.

பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் வந்த வழி வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940களில் தானாகத் தோன்றிய ஒரு எலி வம்சம் உண்டு. அதன் ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உதிர்ந்து, நிணநீர் முடிச்சுகள் வீங்கி, சில வாரங்களில் செத்துவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்த்த இவர்கள் இருவரும், எக்ஸ் குரோமோசோமில் பொறுமையாகத் தேடி, 2001இல் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்து ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். அதே மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து வருகின்றன. டி-ரெக் செல் உருவாவதை ஆளும் மரபணு இதுதான் என்பது 2003க்குள் உறுதியானது. இந்த ஒரு வகைச் செல் இல்லாமல் போனால் மனிதனால் பிழைக்க முடியாது என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி.

இன்டர்லியூகின்-2க்கு வருகிறேன். இது டி செல்களே சுரக்கும் ஒரு புரதம். ஆரம்பத்தில் இதை டி செல்களைப் பெருக்கும் ஊட்டமாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதனால் புற்றுநோய்க்கு எதிராக எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிட அதைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இன்டர்லியூகின்-2 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, எதிர்ப்பு சக்தி குன்றுவதற்குப் பதிலாக அவற்றின் குடலைச் சொந்த எதிர்ப்புச் செல்களே அரித்துத் தின்றன. டி-ரெக் செல்களுக்கு இந்தப் புரதம் சோறு மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது. அவற்றால் தாங்களாக அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து வாங்கித்தான் உயிர் வாழ வேண்டும். அதற்காகவே அவை சிடி25 என்ற ஏற்பியை மேலெல்லாம் ஏந்திக்கொண்டு நிற்கின்றன. லூபஸ் நோயாளிகளின் டி செல்கள் இந்தப் புரதத்தைக் குறைவாகச் சுரக்கின்றன என்பது 1980களிலிருந்தே தெரிந்த விஷயம்.

குறைந்த அளவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஏரி மடையைக் கொஞ்சமாகத் திறந்தால் பள்ளத்து வயல்தான் முதலில் தண்ணீரை வாங்கும், முழுக்கத் திறந்தால் மேட்டு வயலும் சேர்ந்து நனையும். சின்ன அளவு இன்டர்லியூகின்-2 ஏறக்குறைய டி-ரெக் செல்களுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. பெரிய அளவு தாக்கும் செல்களையும் எழுப்பிவிடுகிறது.

2011இல் ஒரே ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பிரான்சில் ஹெபடைடிஸ் சி கிருமியால் ரத்தக் குழாய் அழற்சி வந்தவர்களுக்கும், அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடையாளியின் செல்கள் உடம்பைத் தாக்கியவர்களுக்கும் இதைச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். டி-ரெக் செல்கள் கூடின. பலருக்கு நோயும் தணிந்தது. அப்புறம் பெய்ஜிங்கில் லூபஸ் நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 லட்சம் அலகு ஊசி, தோலுக்கடியில். இரண்டு வாரம் போட்டு இரண்டு வாரம் விட்டு, இப்படி மூன்று சுற்று. 2020இல் வெளியான அவர்களின் ஒப்பீட்டுப் பரிசோதனையில் 60 பேர். 12ஆம் வாரத்தில், வழக்கமான மருந்தோடு இந்த ஊசியும் போட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. வெற்று ஊசி போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு. புள்ளியியல் கணக்கில் இது மயிரிழையில் தவறியது. 24ஆம் வாரத்தில் 66க்கு 37 என்று இடைவெளி தெளிவானது. ஊசி போட்டவர்களிடம் கடுமையான தொற்று அதிகரிக்கவில்லை.

எங்களுக்கு எப்போதும் பொய் நம்பிக்கைதான் விற்கப்படுகிறது. நானும் அதையே செய்யக் கூடாது என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் வேறு சில நாடுகளிலும் 100 பேரிடம் நடந்து 2022இல் வெளியான பரிசோதனை, அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அதில் இரண்டு மையங்களில் வெற்று ஊசி போட்டவர்கள் எல்லோருக்கும் குணம் தெரிந்ததாகப் பதிவாகியிருந்தது. அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்பது யாருக்கும் புரியும். அந்த இரண்டையும் விலக்கிக் கணக்குப் போட்டபோது மருந்துக்குச் சாதகமாக வந்தது; ஆனால் பிறகு யோசித்துப் போடும் கணக்கை எந்த மருத்துவரும் முழுதாக நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. இன்னொரு பக்கம், இந்தப் புரதத்தைச் சற்றே மாற்றி, காப்புரிமை வாங்கத் தக்க புது மூலக்கூறுகளாக்கிப் பெரிய நிறுவனங்கள் இறங்கின. ஆம்ஜென் தன் மூலக்கூறை லூபஸில் சோதிப்பதை 2023இல் பயனில்லை என்று நிறுத்தியது. அதே வருடம் லில்லி நிறுவனமும், நெக்டார் என்ற நிறுவனத்திடமிருந்து உரிமம் வாங்கிய மூலக்கூறை அதனிடமே திருப்பிக் கொடுத்தது. அதே நெக்டார் மூலக்கூறு 2025இல் தோல் அழற்சி நோயில் நல்ல பலன் காட்டியது. டைப் 1 சர்க்கரை நோயில், நோயாளியின் டி-ரெக் செல்களையே வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பி ஏற்றும் சிகிச்சை, நூறு இளம் நோயாளிகளுக்கு மேல் சேர்ந்த ஒரு பரிசோதனையில் கணையத்தைக் காப்பாற்றவில்லை. போலந்தின் குடான்ஸ்க் நகர ஆய்வாளர்கள் அதை ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்பொருள் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். டி-ரெக் வழி உண்மையானது. ஆனால் எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த மருந்தோடு சேர்த்து என்பது இன்னும் திறந்த கேள்வி. மாற்றியமைத்த மூலக்கூறுகள் தோற்றதாலேயே பழைய, மாற்றாத புரதமும் தோற்றது என்று முடிவு கட்ட முடியாது. பெய்ஜிங்கின் 60 பேரை வைத்து வெற்றி என்று கொண்டாடவும் முடியாது. ஒழுங்காக நடத்தப்படும், போதுமான ஆட்கள் சேர்ந்த ஒரு பரிசோதனை வேண்டும். அசல் புரதத்தின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதில் பணம் போட்டு யார் செய்வார்?

விலைக் கணக்கு ஒன்று. பெய்ஜிங் முறையில் ஒரு சுற்றுக்கு ஏழு ஊசி. மூன்று சுற்றுக்கு 21. ஊசிக்கு 10 லட்சம் அலகு என்றால் மொத்தம் 2.1 கோடி அலகு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பழைய முறையில், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது 3.6 கோடி அலகு. எங்களுக்கு மூன்று மாதத்துக்குத் தேவைப்படுவது, அவர்களுக்கு ஒரு வேளைக்குக்கூடப் போதாது. வெளிநாட்டில் விற்கும் புற்றுநோய்க் குப்பி ஒன்றில் 2.2 கோடி அலகு இருக்கிறது. எங்கள் மூன்று மாதச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரே குப்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் கரைத்த மருந்தை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே இருபத்தொரு ஊசிக்குப் பல குப்பிகளை வாங்கி வீணாக்க வேண்டிவரும். இதற்குத் தீர்வு விஞ்ஞானத்தில் இல்லை. 10 லட்சம் அலகுச் சின்னக் குப்பியில் நிரப்பித் தரச் சொல்வதில் இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கும் புரதம் இது, 1980களின் தொழில்நுட்பம். 2007இலேயே ரிட்டுக்ஸிமாபின் நகலை டாக்டர் ரெட்டிஸ் கொண்டுவந்த நாடு இது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அடாலிமுமாபின் நகலை 2014இல் உலகிலேயே முதலில் சைடஸ் வெளியிட்டதும் இங்கேதான். அந்த நகல்களால் நடமாட ஆரம்பித்தவர்களை நான் வரிசையில் பார்க்கிறேன். இங்கே செய்ய முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

செல் சிகிச்சையிலும் நமக்குக் கை வந்துவிட்டது. நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோயைத் தாக்க வைப்பது கார்-டி சிகிச்சை. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த மூலச் செல்களிலேயே (ஸ்டெம் செல்) மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததில் ரத்தக்கசிவு நின்றது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு நடந்த வேலை அது, 2024 டிசம்பரில் வெளியானது. டி-ரெக் செல்களை வெளியே பெருக்கித் திருப்பி ஏற்றும் சிகிச்சை எப்போதாவது வேலை செய்தால், அதை இங்கே செய்யக் கூடங்களும் கைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கார்-டி சிகிச்சை வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் 40 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. எங்கள் வரிசையில் யாரிடம் 40 லட்சம் இருக்கிறது? அதனால்தான் முதலில் ஊசியைப் பாருங்கள் என்கிறேன்.

ஐசிஎம்ஆருக்கு இது புது வேலையும் அல்ல. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் உங்கள் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பிறந்ததே இப்படிப்பட்ட ஒரு கேள்விக்காகத்தான். 1956இல் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் வேதவாக்கு. படுக்கை எத்தனை இருந்தது, நோயாளி எத்தனை பேர்! ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து, நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தன. மற்றப் பாதிக்கு அதே மாத்திரையோடு சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. எந்த நிறுவனத்துக்கும் அதில் ஒரு பைசா லாபமில்லை. அரசு கேட்டதால்தான் பதில் கிடைத்தது.

காசநோயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இந்தப் பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுதான் பெரிய காரணம். டி-ரெக் செல்கள் கூடினால் காசநோய்க் கிருமிக்கு எதிரான பலம் குறையுமா? குறைய வாய்ப்பு உண்டு. உகாண்டாவில் காசநோயாளிகளுக்கு மாத்திரையோடு இன்டர்லியூகின்-2 சேர்த்துக் கொடுத்த ஒரு பரிசோதனை 2003இல் வெளியானது. உதவும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தார்கள், ஆனால் முதல் மாதத்தில் சளியில் கிருமி மறைவது தாமதமானது. நம்மில் எத்தனையோ பேர் உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. பெய்ஜிங்கில் பாதுகாப்பாக இருந்தது மதுரையிலும் அப்படியே இருக்கும் என்று எந்த வெளிநாட்டுக் கட்டுரையும் எங்களுக்கு உறுதி தர முடியாது. சேர்க்கும் முன் ஒவ்வொருவருக்கும் உறங்கும் காசநோய்க்கான சோதனை, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து, ஊசி முடிந்த பிறகும் நீண்ட கண்காணிப்பு. இதைச் செய்ய உலகத்தில் சேத்துப்பட்டைவிடத் தகுதியான இடம் எது?

பாதுகாப்பு என்றதும் லண்டனில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2006 மார்ச் 13, நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற எதிர்பொருளை ஏற்றினார்கள். எலிகளில் அதே வகை எதிர்பொருள் டி-ரெக் செல்களைப் பெருக்கியது. குரங்குகளிலும் பிரச்சினை இல்லை. மனிதர்களிடம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, வாந்தி, அப்புறம் ரத்த அழுத்தம் சரிந்து ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். ஏற்கெனவே பார்த்த கிருமியை நினைவில் வைக்கும் டி செல்களில், குரங்கிடம் இல்லாத ஓர் ஏற்பி மனிதச் செல்களில் இருந்ததை யாரும் முன்கூட்டிக் கவனிக்கவில்லை. ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் ஏற்றியதுதான் மன்னிக்க முடியாத விஷயம். முதல் ஆளைப் பார்த்துக் காத்திருந்தால் மற்ற ஐந்து பேரும் தப்பியிருப்பார்கள். இன்டர்லியூகின்-2 பல வருடங்களாக மனிதர்களிடம் பழகிய மருந்து, அந்த அளவு பயம் தேவையில்லை. ஆனாலும் டி-ரெக் செல்களைப் பெருக்குவது இதமான வைத்தியம், பக்கவிளைவே கிடையாது என்று யாராவது பேசினால் அவர்களிடம் இந்த நாளைச் சொல்லுங்கள்.

அப்படிப் பேசுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் குடும்பம், 'இம்யூன் பேலன்ஸ்' செய்து லூபஸை வேரோடு எடுக்கிறோம் என்று சொன்ன ஒரு தனியார் மையத்தில் நகையை விற்றுக் கட்டியது. ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வந்தாள். ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கான ரத்த மூலச் செல் மாற்றைத் தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் சிகிச்சைகளையும் பரிசோதனைக்கு வெளியே தரக் கூடாது என்று நீங்கள் 2017 வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னீர்கள். நோபல் பரிசுக்குப் பிறகு டி-ரெக் என்ற பெயரிலும் கடை விரிப்பார்கள். அதற்கு முன்பே அதே தெளிவோடு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள், தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும். ஆங்கிலத்தில் இணையதளத்தில் கிடக்கும் அறிவிப்பு எங்கள் வரிசைக்கு வந்து சேராது.

பரிசோதனைக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனைகளுக்கென்றே ஐசிஎம்ஆர் உருவாக்கிய இன்டென்ட் வலையமைப்பு இருக்கிறது. லூபஸ் நோயாளிகளை ஆரம்பத்திலிருந்தே பின்தொடரும் இன்ஸ்பயர் என்ற பல மைய ஆய்வு இருக்கிறது. அங்கே நோயாளிகள் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறார்கள், அவர்களுடைய மருத்துவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். இதோடு சேத்துப்பட்டைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. யாரைச் சேர்ப்பது, எந்த அளவு கொடுப்பது என்பதை நிபுணர்கள் முடிவு செய்வார்கள். நோயாளியாக எனக்கு இருக்கும் ஒரே வேண்டுகோள், எதை வெற்றி என்று அளப்பது என்பதில். நோய்க் குறியீட்டு எண் இறங்கியதோடு நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு அளவு எவ்வளவு குறைந்தது, அந்த வருடத்தில் எத்தனை முறை தொற்றோடு படுக்க வேண்டி வந்தது, எத்தனை நாள் வேலைக்குப் போக முடிந்தது என்பதையும் எண்ணுங்கள். டி-ரெக் கூடியும் எங்கள் வாழ்க்கை அப்படியே இருந்தால் அந்தக் கூடுதலால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடப் பக்கமிருந்து இன்னொரு வேண்டுகோள். டி-ரெக் எண்ணிக்கை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறும். ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் ஆனது, எந்தச் சாயம், எல்லைக் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரே மாதிரியில் இரட்டிப்பு வித்தியாசம்கூட வரலாம். மே மாத வெயிலில் பேருந்தில் வந்த குழாயையும் ஏசி அறையில் இருந்த குழாயையும் ஒப்பிட்டு எழுதப்படும் முடிவை நம்ப முடியாது. எல்லா மையங்களும் ஒரே நெறிமுறையில், ஒரே அளவுகோலில் ஓட்ட வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே அதைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் ஒரு பகுதியை உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும். யாருக்கு ஊசி வேலை செய்தது, யாருக்குச் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்த உறைந்த குழாய்களில்தான் கிடைக்கும்.

நெறிமுறை எழுதும் குழுவில் லூபஸ் நோயாளிகள் இருவராவது முழு உறுப்பினர்களாக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுபவர்களாக இருக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் அந்தந்த மாநில மொழியில், எங்களைப் போன்றவர்கள் படித்துப் பார்த்துத் திருத்திய பிறகு அச்சாக வேண்டும். மருத்துவப் பரிசோதனைகளைப் பதிய நீங்களே நடத்தும் சிடிஆர்ஐ பதிவேட்டில் நெறிமுறையைத் தொடக்கத்திலேயே ஏற்றுங்கள், முடிவு சாதகமோ பாதகமோ அதிலேயே வெளியிடுங்கள். இப்படி ஒரு பரிசோதனை ஏற்கெனவே உங்கள் மேசையில் இருந்தால், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பொதுவில் ஒரு வரி எழுதுங்கள். செய்யப்போவதில்லை என்றால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். அதை எங்கள் வரிசையில் நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
லூபஸ் நோயாளியும் ஆய்வுக்கூடப் பணியாளருமான ஒருத்தி
தமிழ்நாடு